தோற்றம் 2015, மறைவு 2018

சாலையோரச் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் இரண்டு தேதி இருக்கும்: தோற்றம், மறைவு. இரண்டாவது தேதி யமனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்பது நம் நம்பிக்கை. ஸ்மார்ட்வாட்ச் விஷயத்தில் யமனுக்கு வேலை போய்விட்டது. கலிபோர்னியாவில் குளிரூட்டிய அறையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் சிலர் அந்தத் தேதியைக் குறித்துவிடுகிறார்கள். உங்கள் கையில் கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

முதல் மரியாதை தங்கத்துக்கு. 2015 ஏப்ரலில் ஆப்பிள் தன் முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது பதினெட்டு காரட் தங்கத்திலும் ஒரு வகை வந்தது. விலை 10,000 டாலரில் தொடங்கி 17,000 டாலர் வரை. அன்றைய மதிப்பில் உச்ச விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். உள்ளே இருந்ததோ 349 டாலர் அலுமினியக் கடிகாரத்தில் இருந்த அதே சிப். 2018 செப்டம்பரில் வந்த புதிய கடிகார மென்பொருளான வாட்ச்ஓஎஸ் 5 அந்தத் தங்கத்தைச் சீண்டவில்லை. 2023-ல் ஆப்பிளின் ‘வழக்கொழிந்தவை’ பட்டியலில் பெயர் ஏறியது. இனிமேல் பழுதும் பார்க்க மாட்டார்கள், உதிரிபாகமும் தர மாட்டார்கள். நம் நகைக்கடைக்காரர்களைச் செய்கூலி, சேதாரம் என்று எத்தனை திட்டியிருக்கிறோம்! மூன்றரை ஆண்டில் மொத்த உருப்படியையும் சேதாரக் கணக்கில் எழுதும் துணிச்சல் அந்தப் பாவப்பட்ட மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

கோடீஸ்வரர்களுக்காகக் கண்ணீர் விட எனக்கு நேரமில்லை. என் கோபம் ஆப்பிளின் சீரிஸ் 3 கடிகாரம் வாங்கியவர்களுக்காக. அந்தக் கடையில் கடைசியாக மிக மலிவான கடிகாரமாக இருந்தது அதுதான், அமெரிக்காவில் 199 டாலர். மகளுக்கு முதல் கடிகாரம், வயதான அப்பாவுக்கு இதயத்துடிப்பு பார்க்க ஒன்று என்று எண்ணி எண்ணிப் பணம் கொடுத்தவர்கள் வாங்கியது. சேமிப்பிடம் போதாமல், புதிய அப்டேட் வந்தால் கடிகாரத்தில் உள்ளதை அழித்துவிட்டு மறுபடி போனோடு இணைக்கச் சொன்ன அவதாரமும் இதுதான். 2022 ஜூனில் ஆப்பிள், அடுத்து வரும் வாட்ச்ஓஎஸ் 9 சீரிஸ் 3-க்குக் கிடையாது என்று தெரியப்படுத்தியது. அப்படிச் சொன்ன கையோடு விற்பனையை நிறுத்தியதா? செப்டம்பர் வரை விற்றது. ஜூலையில் வந்தவரிடமும் வாங்கியது, ஆகஸ்டில் வந்தவரிடமும் வாங்கியது. காலாவதியான மாத்திரையை விற்றால் மருந்துக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போக நம்மிடம் சட்டம் இருக்கிறது. காலாவதித் தேதியைத் தானே அறிவித்துவிட்டு மூன்று மாதம் விற்பவருக்கு என்ன பெயர்? உலகின் மிக மதிப்புமிக்க நிறுவனங்களுள் ஒன்று.

ஏன் ஐயா இப்படி என்று கேட்டால் எல்லா நிறுவனமும் ஒரே பாட்டைப் பாடும்: உங்கள் பாதுகாப்புக்காக, சிறந்த அனுபவத்துக்காக. பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்துவது அவர்கள். அப்டேட் இல்லாத கடிகாரம் ஆபத்தானது என்று பயமுறுத்துவதும் அவர்கள். அந்தப் பயத்துக்கு மருந்தாகப் புதியதை விற்பதும் அவர்களே. இவ்வளவையும் ஒருவரே சுமப்பதைப் பார்த்து நாம்தான் கண் கலங்க வேண்டும்.

பழைய கடிகாரத்தை வாழவைப்பது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் என்கிறார்கள் அல்லவா, அந்தப் பொய்யை நடுத்தெருவில் நிறுத்திய கதை ஒன்று உண்டு. பெபிள் என்று ஒரு கடிகாரம். 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஏறத்தாழ 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் கட்டி அதைப் பிறக்கவைத்தார்கள். கறுப்பு வெள்ளைத் திரை, பொத்தான்கள், ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாள் ஓட்டம். 2016 டிசம்பரில் ஃபிட்பிட் நிறுவனம் பெபிளின் மென்பொருள் சார்ந்த அறிவுசார் சொத்தை வாங்கியது, கடிகாரத்தை வேண்டாம் என்றது. 2018 ஜூன் 30-ம் தேதி சர்வர்களை அணைத்தது. சட்டப்படி அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ‘ரீபிள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தன்னார்வலர்கள் சிலர், ஆப் கடையையும் வானிலைச் சேவையையும் தாங்களே மறுபடி கட்டினார்கள். கோடிக்கணக்கில் முதலீடு இல்லை, மேடை இல்லை, இருட்டில் கைதட்ட ஆயிரம் பேர் இல்லை. செத்துப்போன நிறுவனத்தின் கடிகாரம் ஓடியது. அதை அணைத்த ஃபிட்பிட்டை 2021-ல் கூகுள் விழுங்கி முடித்தது. 2025 ஜனவரியில் அதே கூகுள், பெபிளின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெபிளைத் தொடங்கியவரே மறுபடி புதுக் கடிகாரம் செய்யக் கிளம்பினார். சாவியைப் பொதுவில் வைப்பது முடிகிற காரியம்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. அதற்கு வேண்டியது பெரிய பொறியியல் மூளை அல்ல, மனம்.

மைக்ரோசாஃப்ட் ஒரு தவறு செய்துவிட்டது, அதையும் பதிவு செய்ய வேண்டும். தன் ‘பேண்ட்’ என்ற ஸ்மார்ட் கைப்பட்டைகளுக்கான சேவையை 2019 மே 31-ல் மூடியபோது, அதுவரை பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்தது. தொழில் தர்மத்தை இப்படியா கெடுப்பது?

சரி, மென்பொருள்தான் நின்றது, உடம்பையாவது காப்பாற்றலாம் என்றால், உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆப்பிளே சொல்கிற கணக்குப்படி, ஆயிரம் முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகு பேட்டரியில் எண்பது சதவீதக் கொள்ளளவு எஞ்சினால் அது நல்ல பேட்டரி. தினம் ஒரு சுற்று என்றால் மூன்று ஆண்டுகூட இல்லை. கூகுள் இன்னும் நேர்மையானது. 2022-ல் வந்த பிக்சல் வாட்சின் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று மறு ஆண்டு கேட்டபோது, பழுதுபார்க்க வழியே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. நல்ல கடிகாரத்தைக் கண்ணாடிக்காகக் குப்பையில் போடு என்பதற்கு இதைவிட மரியாதையான தமிழாக்கம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் முடிவெடுத்தது. நிறுவனம் போயிற்று. சாவி கொடுக்கிற ஜனதாவும் பைலட்டும் இன்னும் ஓடுகின்றன. கண்ணில் லென்ஸ் மாட்டிய ஒருவர் கடைவீதியில் இருக்கும்வரை ஓடும்.

இத்தனைக்கும் இடையில் பூமித்தாய் மீது இவர்களுக்கு இருக்கும் பாசம் தனி. 2020-ல் கடிகாரப் பெட்டியிலிருந்து சார்ஜர் அடாப்டரை ஆப்பிள் எடுத்தது; சுற்றுச்சூழலுக்காகவாம். விலையை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். 2023-ல் சில கடிகாரங்களைக் ‘கார்பன் சமநிலை’ கொண்டவை என்று அறிவித்தார்கள். பராகுவேயில் யூகலிப்டஸ் மரம் நடுகிறார்களாம், அதனால் கணக்கு நேராகிவிடுமாம். 2025 ஆகஸ்டில் ஃபிராங்க்பர்ட் நீதிமன்றம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. காரணம், மரம் நட்ட நிலத்தில் முக்கால் பங்குக்குக் குத்தகை 2029-ல் முடிகிறது. ஆக, மரத்துக்கும் சப்போர்ட் கொஞ்ச காலம்தான்!

நம் சந்தையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரங்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் பலவற்றை விற்றவர்கள் மீது இந்தக் குற்றச்சாட்டையே வைக்க முடியாது. நிறுத்துவதற்கு முதலில் ஆதரவு என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே.

சட்டம் என்ன செய்கிறது? அமெரிக்க வணிக ஆணையத்தின் ஊழியர்கள் 184 ஸ்மார்ட் பொருட்களின் விற்பனைப் பக்கங்களை அலசி 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். 163 பொருட்களின் பக்கங்களில் எதுவரை அப்டேட் வரும் என்ற தகவலே இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அந்தக் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் 2025 ஜூன் முதல் ஐந்தாண்டு அப்டேட்டைக் கட்டாயமாக்கியது. கடிகாரத்தை வெளியே நிறுத்திவிட்டது. நம் மத்திய அரசு அமைத்த குழுவும் 2025-ல் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி அறிக்கை கொடுத்தது. அங்கும் முதல் வரிசை கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். மணிக்கட்டு, சட்டத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது போலும்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் எந்தத் தேதி வரை தின்னலாம் என்று அச்சடிக்கிறோம். நாற்பதாயிரம் ரூபாய்க் கடிகாரத்தின் பெட்டியில், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் கடைசி அப்டேட் தேதியை அச்சடிக்க என்ன கேடு? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கடைக்குப் போனால் கேளுங்கள்: இது எதுவரை ஓடும், பில்லில் எழுதித் தருவீர்களா? பேட்டரி மாற்ற என்ன செலவு, யார் மாற்றுவார்? எழுதித் தரத் தயங்கினால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். மணி பார்க்க உங்கள் போன் போதும்.