ஞாயிற்றுக்கிழமை நளன்

வாரத்தில் ஆறு நாள் உப்பு ஜாடி எந்தத் தட்டில் இருக்கிறது என்றே தெரியாமல் வாழ்ந்துவிட்டு, ஏழாம் நாள் பத்துப் பேருக்குப் பிரியாணி சமைக்கப் புறப்படும் குடும்பத் தலைவரே ஞாயிற்றுக்கிழமை நளன். தாம்பரம், மேடவாக்கம், கோவை சரவணம்பட்டி போன்ற அடுக்குமாடிப் பகுதிகளில் இவர் மிகுதியாகக் காணப்படுவார். வயது முப்பத்தைந்துக்கு மேல். படித்தவர். அலுவலகத்தில் நாலைந்து பேரை வேலை வாங்கிப் பழகியவர். வீட்டில் அப்படி வேலை வாங்க முடிந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே என்பதால், அடுப்படியில் அவர்களே இவருடைய படை.

நளன் என்ற பட்டம் இவருக்குப் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மகாபாரதத்து நளன் நினைத்த மாத்திரத்தில் நீரும் நெருப்பும் வரும்படி தேவர்களிடம் வரம் பெற்றவன். கைப்பக்குவத்தை எமனிடமே வாங்கியவன். வாகுகனாக உருமாறிக் கிடந்தபோதும், அவன் சமைத்த கறியின் ருசியை வைத்துத் தமயந்தி ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகளையும் அவனிடம் அனுப்பிப் பார்த்தாள். அவர்களைக் கண்டதும் அவன் அழுதுவிட்டான். நம்முடைய நளனின் அடுப்படியிலும் பிள்ளைகளும் உண்டு, கண்ணீரும் உண்டு. அழுவது மட்டும் பிள்ளைகள். காரணம், உரிக்கச் சொல்லிக் கொட்டிவைத்த இரண்டு கிலோ சின்ன வெங்காயம்.

அறிகுறிகள் சனிக்கிழமை இரவே தொடங்கிவிடும். “நாளைக்கு மதியம் எல்லாரும் நம்ம வீட்லதான். நானும் பசங்களும் சமைக்கிறோம்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழும். வீட்டு அம்மாவுக்கும் விஷயம் தெரியவருவது அந்தக் குழுவின் வழியாகத்தான். கேட்டால், “நீ ஒரு வேலையும் பாக்காத, ரெஸ்ட் எடு” என்று பெருந்தன்மையான பதில் வரும். அனுபவப்பட்ட மனைவி இந்தச் சொற்களைக் கேட்டவுடன் ரசத்துக்குப் புளி எடுத்து வைத்துவிடுவார்.

முந்தைய தலைமுறைப் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது, 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். நளனுக்குப் புத்தகம் ஒத்துவராது. அவருடைய குரு புதுக்கோட்டைப் பக்கத்து வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்து, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல். அங்கே ஊருக்கே போடுகிற அளவைப் பத்துப் பேருக்குச் சுருக்க வேண்டும். அந்த வகுத்தல் கணக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் மூத்த மகளிடம் ஒப்படைக்கப்படும். சீரகச் சம்பா அரிசி ஒழுங்காக வகுபடும், கறியும் வகுபடும். மிளகாய்த்தூளை வகுத்தார்களா என்பது சாப்பிடும்போதுதான் தெரியும்.

வேலைப் பங்கீடு காலை ஒன்பது மணிக்கு நடக்கும். மூத்தவளுக்கு வெங்காயம், நடுவுள்ளவனுக்கு அவித்த முட்டை, கடைக்குட்டிக்குக் கொத்தமல்லி ஆய்வது. குட்டி காம்பைக் கிண்ணத்திலும் இலையைக் குப்பையிலும் போடும். யாரும் திட்டக் கூடாது என்பது அன்றைய விதி. இந்த விதிக்கு நளன் காட்டும் ஆதாரம் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். காய் நறுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது எல்லாம் அவருடைய முறையில் பாடங்கள். பெரியவர் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதில் முக்கியம். நளன் செய்து காட்டுவதோடு நிற்பார். ஒதுங்குகிற பகுதிக்கு அவர் இன்னும் வரவில்லை.

காட்டுவதை விட விளக்குவது நீளம். வெங்காயத்தை நறுக்கும்போது அதன் செல்கள் உடைகின்றன, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலக்கின்றன, அதில் கிளம்பும் ஆவி கண்ணைக் கரிக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் முகம் சிவந்து பால்கனிக்குப் போயிருப்பாள். கூடத்திலிருந்து பாட்டி, “வெங்காயத்தைச் செத்த தண்ணியில ஊறப்போட்டு உரிடி கண்ணு” என்பார். அறிவியல் அத்துடன் முடிந்து வேலை ஆரம்பமாகும். முட்டையிலும் இதே கதைதான். அன்று காலை வாங்கிய புது முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நாலு நாள் பழையதுதான் வழுவழுவென்று உரியும். “எல்லாம் ஃப்ரெஷ்ஷா இருக்கணும்” என்பது நளனின் கொள்கை ஆதலால், பையன் கையில் பத்து முட்டையும் நிலாவின் மேற்பரப்பாகி நிற்கும்.

பத்தரை மணிக்கு அடுப்பு பற்றும். ரெஸ்ட் எடுக்கிற மனைவிக்கு அதிலிருந்துதான் வேலை. “பட்டை எங்கம்மா?” “இந்தக் குக்கருக்கு எத்தனை விசில்?” “அரிசி ஒண்ணுக்குத் தண்ணி ஒன்றரையா, ரெண்டா?” ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து வந்து பார்ப்பார். வந்த சாக்கில் உப்பு போடுவார்; தீயைக் குறைப்பார்; மிளகாய் தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் குட்டியைத் தூக்கிப்போய் சோப்பு போட்டுக் கழுவுவார். இந்தச் சின்னச் சின்ன வருகைகளை நீக்கிவிட்டால் பிரியாணி ஆகாது. நளனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் இந்தப் பகுதி பதிவாவதில்லை.

விருந்தினர் பன்னிரண்டரைக்கு வருவார்கள். சாப்பாடு இரண்டே காலுக்கு. நடுவில் ரஸ்னாவும் மிக்சரும் மூன்று சுற்று வரும். வந்த வீட்டுப் பிள்ளைகளும் அடுப்படிக்குள் நுழைவதால் தயிர்ப் பச்சடியை யார் கலக்குவது என்று எல்லைத் தகராறு மூளும். சமரசமாக இரண்டு பச்சடி செய்யப்படும். ஒன்றில் சர்க்கரை இருக்கும்.

இலையில் முதலில் விழுவது முட்டை. “பெரியப்பா, இது நான் உரிச்சது” என்று பையன் பக்கத்திலேயே நிற்பான். பெரியப்பா பாதி முட்டைதான் இருக்கிறது என்பதைப் பார்த்தும் பாராமல், “அடடா, என்னமா உரிச்சிருக்கான்!” என்பார். அடிபிடித்த பிரியாணிக்கு நளனே முந்திக்கொண்டு, “லேசா அடிபிடிச்சாத்தான் வாசனை” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதால் மேல்முறையீடு கிடையாது. பெரியவர்கள் பிரியாணியைப் புகழ்ந்துகொண்டே ரசத்தை இரண்டாம் முறை கேட்பார்கள்.

இதில் ஒன்றை மறுக்க முடியாது. மற்ற நாட்களில் கேரட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பும் குட்டி, தான் துருவியது என்பதற்காகப் பச்சடியில் கேரட்டைத் தேடித் தேடித் தின்னும். கறிவேப்பிலையை ஒதுக்குகிற பையன் அன்று ஒதுக்க மாட்டான். எத்தனையோ தாய்மார் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம் நளனின் குளறுபடிச் சமையலில் தானாக நடந்துவிடுகிறது. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இவரில் கிளை வகைகளும் உண்டு. பூரி நளன் மாவைப் பிள்ளைகளிடம் கொடுத்து இலங்கை, ஆஸ்திரேலியா வடிவங்களில் பூரி சுடுவார். கேமரா நளன் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுப்பதால் எதுவும் சூடாக இலைக்கு வராது.

மூன்றரை மணிக்கு நளன், “இன்னைக்குச் சரியான வேலை” என்று கட்டிலில் சாய்வார். பிள்ளைகள் டிவி முன்னால் இருப்பார்கள். பாத்திரம் கழுவுவது மாண்டிசோரி பாடத்திலும் உண்டு. அதை இந்த வீட்டில் யாரும் அவருக்கு நினைவுபடுத்தியதில்லை. தொட்டியில் கிடக்கும் குக்கரும் கரண்டிகளும் வீட்டு அம்மாவுக்கே வந்து சேரும். ஆகவே இத்தகைய விருந்துக்கு அழைப்பு வந்தால், கிளம்புமுன் வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாப்பிட்ட பிறகு அடுப்படிப் பக்கம் போய் இரண்டு பாத்திரமாவது கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.