சும்மா பார்க்கலாம்னு வந்தேன்

கைவினைப் பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்ததும், "என்ன பார்க்கறீங்க மேடம்?" என்று விற்பனைப் பெண் கேட்பாள். "சும்மா பார்க்கலாம்னு வந்தேம்மா" என்பார் நம்மவர். தாராளமாக நம்பலாம். அவர் எதையும் வாங்கப் போவதில்லை.

முதலில் குர்ஜா பீங்கான் வரிசை. பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுப்பார், கவிழ்ப்பார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அடியில் ஒட்டியிருக்கும் விலையைப் படிப்பார். எடுத்த வேகத்தில் திருப்பி வைக்க மாட்டார். 450 ரூபாய்க் கோப்பையை 45 ரூபாய்க் கோப்பை மாதிரி வைத்துவிட முடியுமா?

அடுத்தது துணிப் பக்கம். அஜ்ரக் துப்பட்டாவை இடது தோளில் போட்டுப் பார்ப்பார், வலது தோளில் போட்டுப் பார்ப்பார், பிறகு கடைப் பெண்ணின் தோளிலும் போட்டுப் பார்ப்பார். கணவர் வாசலருகே ஒரு மோடாவில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார். அந்த மோடாவும் விற்பனைக்குத்தான் என்று யாராவது சொல்லும்வரை.

(ஆண்களில் இந்த ரகம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஹார்டுவேர் கடையில் டிரில்லிங் மெஷினைக் கையில் பிடித்து எடை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.)

வீட்டில் நம்மவருக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில்தான். ஒரு கோப்பையாவது வாங்கக் கூடாதா என்றால் பதில் தயாராக இருக்கும்: "வீட்டுல வச்சா தூசி படியும். இங்க தினம் துடைக்கறாங்களே!" கடையே அவருடைய ஷோகேஸ்தான், வாடகையும் மின்கட்டணமும் மட்டும் முதலாளியுடையது. அதனால்தான் போன மாதம் பார்த்த மயில்பச்சை ஜாடியைக் காணோம் என்றால் பதறிப்போவார். "வித்துடுச்சு மேடம்." "வித்துடுச்சா? யாரு எடுத்தா?" திருட்டுப் போன வீட்டில் கேட்கிற கேள்வி அது.

ஆனால் சரக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கடையில் வேறு யாருக்கும் தெரியாது. கிரகப்பிரவேசத்துக்குப் பரிசு தேடி வந்த ஒரு பெண்மணி பக்கத்தில் நின்று தயங்கினால் போதும். "ஜெய்ப்பூர் நீலப் பாண்டம்மா. களிமண்ணே கிடையாது, தெரியுமோ? குவார்ட்ஸ் பொடியும் கண்ணாடித் தூளும்தான் முக்கியம்." பத்தமடைப் பாயைத் தடவிக்கொண்டே, "கோரையைத் தண்ணியில ஊறப்போட்டு, இழை இழையாக் கிழிச்சு நெய்யறது. பட்டுப்பாய்னா புடவை மாதிரி மடிச்சு வச்சுக்கலாம்" என்பார். குழந்தை சென்னபட்டணா பொம்மையைப் பிடித்து இழுத்தால், "மரத்தைக் கடையும்போதே அரக்குல சாயம் ஏத்தறாங்க, அதான் இந்தப் பளபளப்பு" என்று தாய்க்குத் தைரியம் சொல்வார். பரிசு தேடி வந்தவர் இரண்டு ஜாடி எடுப்பார். குழந்தையின் தாய் பொம்மையோடு ஒரு தொட்டில் கிலுகிலுப்பையும் சேர்த்துக்கொள்வார். "மேடம், இதுல பெரிய சைஸ் இருக்கா?" என்று மூன்றாவது ஆள் கேட்க, "ரெண்டாவது ரேக், கீழ்த்தட்டு" என்று நம்மவர் பதில் சொல்வார். அங்கேதான் இருக்கும்.

கடைசியில் வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்பட்டு ஊதுபத்தி ஒரு பாக்கெட் வாங்குவார். அது கணக்கில் சேராது.

கடைக்காரர்களே, நீங்கள் அவருக்குக் கமிஷன் எல்லாம் தர வேண்டாம். 'தொட்டுப் பார்க்காதீர்கள்' என்று ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் கழற்றிவிடுங்கள்.