தொலைதூரப் பணி விசா: ஓர் அறிமுகம்

வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டே போர்ச்சுகலில் குடியிருக்க வழிசெய்யும் டி8 விசா, 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாத வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகாத வாடகையைத் தயங்காமல் கொடுப்பவர் என்பதற்கு இது அரசாங்கச் சான்று.

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஆயுளைக் கழிக்கும் மென்பொருள் பொறியாளருக்கு இந்த விசா பெரும் விமோசனம். பெங்களூருவின் காலை ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு அவர் லிஸ்பனில் குளிர்காலத்து விடியற்காலை நான்கு மணிக்கே தயார். நெரிசல் அறவே கிடையாது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கம்பளி. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு என்பதால் திரையில் கடற்கரைப் படம் வைத்துக்கொள்கிறார். மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கலாம், பெரும்பாலோர் தூங்குகிறார்கள்.

அவர் எழுதும் நிரல் பெங்களூரு மேலாளரின் ஒப்புதல் பெற்று வாடிக்கையாளரைச் சேர்கிறது. வாடிக்கையாளரின் அலுவலகம் லிஸ்பனில், அதே தெருவில் இருப்பதும் உண்டு. நேரில் பேச வேண்டுமென்று அவர்கள் கேட்டால், நிறுவனம் உடனே பெங்களூருவிலிருந்து ஓர் ஆளை விமானத்தில் அனுப்புகிறது. ஓட்டல் செலவை மிச்சப்படுத்த, அவர் பொறியாளர் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறார்.