வேடிக்கை பார்த்தவர்கள்

கேள்வி: கண்ணெதிரே கொலை நடந்தாலும் கூட்டம் வேடிக்கைதான் பார்க்கிறது. அவர்களும் குற்றவாளிகள்தானே?

பதில்: கூட்டத்தைத் திட்டுகிற வேகத்தில் கத்தி பிடித்தவனைத் தப்பவிட்டுவிடாதீர்கள்!

1964 மார்ச் 13, நியூயார்க். அதிகாலையில் வேலை முடிந்து வீடு திரும்பிய 28 வயது கிட்டி ஜெனோவீஸ் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்ததாக ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. உலகமே அந்த 38 பேரைச் சபித்தது. கொலைகாரன் வின்ஸ்டன் மோஸ்லியின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அந்தக் கணக்கே ஊதிப் பெருக்கியது என்று பிறகு தெரிந்தது. பலருக்கு அலறல் மட்டுமே கேட்டது. ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்ட, மோஸ்லி ஓடினான். சற்று நேரத்தில் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு சோஃபியா ஃபாரர், கொலைகாரன் இன்னும் அங்கே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடி, ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். எனக்கு அந்த இரவின் தலைப்புச் செய்தி அவர்தான்.

ஆனாலும் கூட்டத்தில் தயக்கம் உண்டு. 1968-இல் உளவியலாளர்கள் டார்லி, லாட்டனே இருவரும் இதைச் சோதித்தார்கள்: ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85% பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31% பேர்தான். ஈரமில்லாத நெஞ்சம் என்று சொல்லமாட்டேன். ‘வேறு யாராவது போவார்கள்’ என்ற நினைப்பு.

அதனால் ஆபத்தில் “யாராவது வாங்க” என்று கத்தாதீர்கள். “நீலச் சட்டை அண்ணே, 112-க்கு அடிங்க!” என்று ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.