அப்பா விஷி, அம்மா தெ கோல்!

கேள்வி: இரண்டாம் உலகப் போர் நடந்தது எங்கோ. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன வந்தது?
- வாசகர், கோவில்பத்து, காரைக்கால்

பதில்: அப்பாவுக்குச் சைகோனில் வேலை, அம்மா ஊரில். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அன்றைய காரைக்காலில் பல வீடுகளின் கதை இது. 1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்று இரண்டுபட்டது. அந்தச் செப்டம்பரில், நம்மூரையும் ஆண்ட புதுச்சேரி கவர்னர் போன்வேன், போரைத் தொடர்ந்த தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனோ, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் பக்கம். கொடி ஒன்றுதான், ஆனால் அப்பா ஒரு கட்சி, அம்மா எதிர்க்கட்சி! (சில வீடுகளில் இதற்குப் போரே தேவையில்லை.) சைகோன் பணம் தடைபட்டது. 1942இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழ, பர்மா அரிசியும் போச்சு. கஞ்சியில் பருக்கை தேடிய பையன், "நாம எந்தப் பிரான்சு சார்?" என்று கேட்டிருந்தால், வாத்தியாரின் பிரம்புதான் பதில் சொல்லியிருக்கும்.