சிப்பு மாட்டிய சீமான்

அரிசி மூட்டையும் தேங்காய் மூட்டையும் தவிர வேறெதையும் ஏற்றாத ஈரோட்டுக் குடும்பஸ்தனுக்கு பிக்கப் வண்டி எதற்கு என்று கேட்காதீர்கள். அதை என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அதற்கே பதில் தேடிக்கொண்டிருந்தவனிடம் மச்சினன் வந்து, "மாமா, ஒரு சிப்பு போட்டா முப்பது குதிரை கூடும்" என்றான். "இருக்கற குதிரைக்கே டீசல் ஊத்தி முடியலீங்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. இன்ஜின் விஷயம் பெண்களுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் மேலே பேசினோம்.

சிப்பு என்றால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. இன்றைய டீசல் வண்டிகளில் காமன் ரெயில் குழாய்க்குள் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும்கூட ஏறும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். குழாயின் அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. சிப்பு இந்த இருவருக்கும் நடுவில் புகுந்து அளவைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டரும் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். டீசல் கூடுதலாகப் பாயும், வண்டி சீறும். ஆக, சிப்பின் தொழில் கோள் மூட்டுவது. கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்க் கணக்கை மாற்றி எழுதும் 'ரீமேப்' வேறு ரகம். அதற்கு என் பர்ஸ் சம்மதிக்கவில்லை.

மாட்டினோம். சத்தியமங்கலம் வரை நான் ராஜா. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி மூச்சு வாங்கியது. ஆபத்து என்று தோன்றினால் கம்ப்யூட்டர் தானாகவே பலத்தைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்பார்கள். கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னங்க, முன்னால குக்கர் ஆவி போற மாதிரி உஸ்ஸுனு கேக்குது" என்றாள் மனைவி.

"சும்மா இரு, ஸ்கேனர் சொல்லட்டும்" என்றேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால் கோளாறு எண் போனில் வந்துவிடும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு இது. எங்களுக்கு வந்தது பி 0299. 'பி' என்றால் இன்ஜின், கியர் சங்கதி. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்று பொருள். அங்கே 1 இருந்தால் அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. அதற்கடுத்த 2, எரிபொருள், காற்றுப் பக்கம். மொத்தத்தில் டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை. இதை நடுமலையில், குடும்பத்துக்கு விளக்கவுரையோடு வாசித்தேன்.

"அப்படீன்னா டர்போ போச்சு" என்றான் மச்சினன். டர்போ விலையைப் போனில் பார்த்தேன். மச்சினனையும் பார்த்தேன். "அந்த எண்ணை அழிச்சுட்டு ஓட்டிப் பாக்கலாம் மாமா" என்றான். அழித்தோம். விளக்கு அணைந்தது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி எரிந்தது.

ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதையாவது அழிச்சீங்களாண்ணா?" கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, எத்தனை ஆர்பிஎம் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்குமாம். எண்ணை அழித்தால் அந்தக் குறிப்பும் போய்விடும். நான் மச்சினனைக் கைகாட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டார். அது கிளிப்பை விட்டு விலகியிருந்தது. சிப்பால் கூடிய காற்றழுத்தத்தில் பிடி தளர்ந்து, காற்று வழியிலேயே கசிந்திருக்கிறது. "காத்து பத்தலைன்னுதாண்ணா அது சொல்லுது, டர்போ கெட்டுப்போச்சுன்னு சொல்லலையே" என்றார். கிளிப்பை மாற்ற டீக்காசுதான் ஆனது. "அந்த உஸ்ஸுச் சத்தம் கேக்கலீங்களா?" என்று வேறு கேட்டார். மனைவி ஒன்றும் பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை.

சிப்பு இப்போது பரணில் இருக்கிறது. இவ்வளவு கேட்ட பிறகும் மாட்டியே தீருவேன் என்பவர்கள், மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை ஸ்கேன் செய்து, ஏற்கெனவே இருக்கிற எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எது வண்டியின் பழைய சீக்கு, எது சிப்பு கொண்டு வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். மச்சினனுக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை.