ஒன்பது வருஷமும் ஒன்பது நாளும்

(நாவலூர், ஐ.டி. ஊழியர்) மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்தாலே ‘சிவகாமியின் சபதம்’ ஞாபகம் வருகிறது. சிவகாமி அங்கே ஆடியிருப்பாளா?

வாய்ப்பே இல்லை. முதலில், அவள் கல்கி பெற்ற பெண். இரண்டாவது, கோயில் அவள் காதலித்த மாமல்லனுக்குப் பிறகு வந்த ராஜசிம்மன் கட்டியது. ஆனால் கதைக்கான வித்து அந்த மணலில்தான் விழுந்தது. முன்னுரையில் கல்கியே சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ஓ.எம்.ஆர். நெரிசலில் மாட்டினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவள் வாதாபியில் சிறைப்பட்டு ஒன்பது வருஷம் காத்திருந்தவள்.

(கேளம்பாக்கம், இல்லத்தரசி) வாதாபியே எரிந்து, சபதமும் நிறைவேறிய பிறகு சிவகாமிக்கு என்ன குறை?

குறை வாதாபியில் இல்லை, காஞ்சியில் இருந்தது. சிறைப்பட்டவளுக்கு நாள் நின்றுபோகும். வெளியே இருப்பவர்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மாறுவேடத்தில் கூப்பிட வந்த மாமல்லரிடம் “ஊரை எரித்துவிட்டு அழைத்துப் போங்கள்” என்று வர மறுத்தாளே, அவள் மனதில் அவர் அதே இளவரசர். திரும்பி வந்து பார்த்தால் பாண்டியன் மகள் பட்டத்து ராணி, மடியில் குழந்தைகள். ஊர்க்காரர்கள் “அதான் மீட்டாச்சே” என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீட்டது உடம்பை. மனசை மீட்கத் தேரும் யானையும் போதாது.

(திருப்போரூர், ஆசிரியை) டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யில் வரும் டாக்டர் மானெட்டும் இப்படித்தானே?

நல்ல ஜோடி. பாஸ்டில் சிறையில் 18 வருஷம் கிடந்தவர் அங்கே செருப்புத் தைக்கக் கற்றார். விடுதலையாகிப் பெயர் கேட்டால், அறை எண்ணைச் சொன்னார். மகளின் அன்பில் தேறி, மறுபடி வைத்தியம் பார்த்து, ஊர் மெச்ச வாழ்ந்தார். மகள் கல்யாணம் முடிந்து தேனிலவுக்குப் போனதும், மனிதர் மறுபடி தையல் பலகையில்! ஒன்பது நாள். மாப்பிள்ளை எந்தக் குடும்பத்துப் பையன் என்று தெரிந்ததுதான் காரணம். அவரைச் சிறைக்கு அனுப்பிய குடும்பமே அது.

தெளிந்த பிறகு நண்பர் லாரி யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிக் கேட்பதுபோல் அவரிடமே யோசனை கேட்டார். பலகையை அப்புறப்படுத்தச் சம்மதிப்பதற்கே டாக்டருக்கு அவ்வளவு தயக்கம். பிறகு அவர் ஊரில் இல்லாத ராத்திரியில் லாரி அதை வெட்ட, மகளை வளர்த்த மிஸ் பிராஸ் மெழுகுவத்தி பிடித்தாள். துண்டுகள் அடுப்பில், கருவிகள் தோட்டத்து மண்ணில். இருவரும் கொலை செய்தவர்கள்போல் திருதிருவென்று விழித்தார்களாம். சிறையில் உயிரைக் காப்பாற்றிய பலகை. எரிக்கும்போது கை நடுங்காதா?

(கோவளம், கல்லூரி மாணவி) கடைசியில் ஏகாம்பரநாதருக்கு மாலையிட்டது தோல்விதானே?

நானும் உங்கள் வயதில் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். இப்போது மாற்றிச் சொல்வேன். வாதாபி நாற்சந்தியில் அவள் ஆடியது தன் ஆட்டமா? கைதிகள் முதுகில் விழுந்த சாட்டையை நிறுத்த, அந்த ஊர் அரசன் புலிகேசி சொல்லி ஆடியது. சலங்கை விலங்காகவே ஆகியிருக்கும். இங்கே அதே கால், அதே சலங்கை, முன்பு அப்பர் மடத்தில் ஆடிய அதே பதிகம். ஆடச் சொல்ல ஆள் இல்லை. மானெட்டின் பலகையை எரித்தார்கள். சிவகாமி தன் சலங்கையை மீட்டுக்கொண்டாள். ராஜா கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

(தையூர், ஓய்வு பெற்றவர்) நான்காம் பாகம் முடித்ததிலிருந்து என் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை!

பாகத்தின் பெயரே ‘சிதைந்த கனவு’. கல்கி முன்கூட்டியே எச்சரித்தும் கையில் கொடுத்தது நீங்கள். ‘பொன்னியின் செல்வன்’ வாங்கி வைத்திருக்கிறீர்களா? ஐந்து பாகம். யோசித்துக் கொடுங்கள்.